சினைக்காலமும் தீவகக் கால்நடைகளும்



நல்லினக் கிடாயைத் தேடிச் சேர்த்தாற் குட்டியும் நன்றாக அமையும் என்பது நம்மிற் பலரது நம்பிக்கை. அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று.

நெடுந்தீவின் மட்டக்குதிரைகளை அறிந்த உங்களுக்குக் குதிரைகளைக் கொண்டே இதனை விளக்கலாம். கேம்பிறிட்ஜில் வால்ற்றன், ஹமண்ட் என்னும் அறிஞர் இருவர் பேருருவான ஷயர் குதிரையையும் சிறிய ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் கலந்து இனவிருத்தி செய்து, 1938ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஷயர் தாய் ஈன்ற கலப்புக் குட்டி, ஷெட்லாந்து தாய் ஈன்றதைப்போல ஏறக்குறைய மும்மடங்கு எடையுடையதாயிருந்தது. இருவகைக் குட்டிகளும் இரண்டு இனங்களின் கலப்பே. வேறுபட்டது தாயின் கருப்பையே. வளர்ந்த பின்னும் அவ்வேற்றுமை முற்றாக மறையவில்லை.

தாயுண்ட உணவின் சத்து நச்சுக்கொடி வழியாகவே கருவை அடைகிறது. ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். தொடக்கத்தில் நச்சுக்கொடியும் உறுப்புகளும் உருவாகின்றன. கருவின் எடையிற் பெரும்பகுதி இறுதி இரண்டு மாதங்களிலேயே சேர்கிறது. தசைநார்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் பிறக்குமுன்னரே அமைந்துவிடுகிறது. பின்னர் ஊட்டும் தீனி அந்நார்களைப் பருக்கச் செய்யுமேயன்றி, குறைந்த எண்ணிக்கையை நிரப்பமாட்டாது.

ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரையே. கோடையிற் புல் கருகும். கிணற்று நீர் உவர்க்கும். சித்திரையிற் சினைப்பட்ட ஆடு ஆவணி, புரட்டாதியில் ஈனும். கரு விரைந்து வளரும் நாட்கள் கொடும் வறட்சியில் அகப்படும். ஆவணியிற் சினைப்பட்டாலோ அந்நாட்கள் பசும்புற் காலத்தில் அமையும். தையிற் குட்டி பிறக்கும். ஆகவே கிடாயைப் பிரித்துக் கட்டிக் காலமறிந்து சேர்த்தல் நன்று. விந்து உருவாக ஏறக்குறைய ஏழு வாரங்கள் செல்லுமாதலால், அதற்கு முன்னரே கிடாயையும் நன்கு பேணவேண்டும்.

கோடையிற் சினையாயிருக்கும் ஆட்டுக்குப் பூவரசங் குழை, முருங்கையிலை, கிழித்த பனையோலை ஆகியவற்றோடு சிறிது எள்ளுப் பிண்ணாக்கும் கொடுங்கள். இரட்டைக்குட்டி சுமக்கும் ஆட்டின் இரைப்பைக்கு இடம் குறைவு. ஆதலின் தீனியைப் பலமுறையாகப் பகிர்ந்து வையுங்கள். கிடைக்கும் நன்னீரிற் சினையாட்டுக்கே முதற்பங்கு உரியது.

தீனி அருகிய வீட்டிற் கறவைக்கு முதலில் வைத்து, சினையாட்டைப் பின்னர் பார்ப்போம் என்பது வழக்கம். ஆனால் அடுத்த ஆண்டின் கறவை அந்தச் சினையாட்டின் வயிற்றிலேதான் இருக்கிறது.