உஷார்! தபால்பெட்டியை மாற்றப் போகிறீர்களா?

"நம்ம மெயிலை எல்லாம் கூகுள்காரன் படிக்கிறானாமே" என்று யாரோ கிளப்பிவிட, ராத்திரியோடு ராத்திரியாக ஜிமெயிலை மூடிவிட்டு வேறு இடத்துக்குக் குடிபோகத் துடிக்கிறீர்களா? முதலில் அந்த 'டெலீட்' பொத்தானிலிருந்து கையை எடுங்கள்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2004-ல் வந்த ஜிமெயில், விளம்பரம் காட்டுவதற்காக நம் கடிதங்களை 2017 வரை இயந்திரத்தை விட்டு அலசிக்கொண்டிருந்தது. யாஹூவில் 2013-ல் புகுந்தவர்கள் கையில் 300 கோடி கணக்குகளின் விவரம் சிக்கியது. இதையும் அந்த நிறுவனம் முழுசாக ஒப்புக்கொள்ள 2017 ஆயிற்று. ஆகவே கிளம்புங்கள், தப்பில்லை. ஆனால் அடுத்தவன் படிப்பானே என்று அலறி ஓடி, கடைசியில் நம் கடிதத்தை நாமே படிக்க முடியாமல் நிற்கும் கதை ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து இயங்கும் டூட்டா மெயிலை எடுத்துக்கொள்வோம். கெட்டிக்காரச் சேவை, கடிதத்தின் தலைப்பைக்கூடப் பூட்டிவைக்கிறது. ஆனால் இலவசக் கணக்கில் ஆறு மாதம் தலைகாட்டாவிட்டால் கணக்கு போச்சு. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலிலும் இலவசக் கணக்கை ஓராண்டு திறக்காமல் விட்டால் அது நீக்கப்படலாம். மகளின் மார்க் ஷீட், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் என்று எல்லாவற்றையும் 'பத்திரமா இருக்கட்டும்' என்று ஓரிடத்தில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் நாம். விதிமுறைகளில் இந்தக் கெடுவைச் சொல்லும் வரியை எத்தனை பேர் படித்திருப்போம்?

அடுத்தது பாஸ்வேர்ட். மறந்துபோனால் போனுக்கு ஓடிபி வரும் என்ற பழக்கத்திலேயே வளர்ந்துவிட்டோம். இங்கே கதை வேறு. உங்கள் கடிதத்தைத் திறக்கும் சாவி இந்த நிறுவனங்களிடமே கிடையாது, இந்தச் சேவைகளின் பெருமையே அதுதான். டூட்டா தரும் மீட்புக் குறியீட்டையும் பாஸ்வேர்டையும் சேர்த்துத் தொலைத்தால் கணக்குக்கு ஒரு கும்பிடு போட வேண்டியதுதான். புரோட்டானில் புது பாஸ்வேர்ட் வைத்து உள்ளே போய்விடலாம். ஆனால் மீட்புச் சொற்றொடரை எடுத்து வைக்காதவருக்குப் பழைய கடிதங்கள் பூட்டியபடியே கிடக்கும். கணக்கு தொடங்கிய அன்றே அந்தச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, வாசல் பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுகிற மாதிரி.

சாவி பத்திரமாக இருந்தாலும் கடையே காணாமல் போகலாம். ஸ்கிஃப் என்ற சேவையை 2024 பிப்ரவரியில் நோஷன் நிறுவனம் வாங்கியது. ஆறு மாதம் கெடு, பிறகு இழுத்து மூடல். அதற்கும் முன்னால் லாவாபிட். அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடன் பயன்படுத்திய சேவை அது. சாவியைக் கொடு என்று அமெரிக்க அரசு நெருக்க, அதன் உரிமையாளர் லடார் லெவிசன் 2013 ஆகஸ்ட் 8 அன்று சேவையையே நிறுத்தினார். கொள்கைக்காரர், மெச்சத்தான் வேண்டும். அன்று அங்கே கடிதம் வைத்திருந்த சாதாரண ஜனங்களின் பாடு?

நம் ஊரிலேயே இன்னொரு கூத்து. 2024 பிப்ரவரியில் சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. அனுப்பியவன் புரோட்டான் முகவரியிலிருந்து அனுப்பியிருந்தான். சேவையையே இந்தியாவில் முடக்கச் சொல்லித் தமிழகக் காவல்துறை டெல்லியைக் கேட்டது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், அதைத் தடைசெய்ய நடவடிக்கை எடுக்குமாறு கர்நாடக உயர் நீதிமன்றமே மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. எவனோ ஒரு விஷமி அனுப்பிய மெயிலுக்கு, வங்கி ஸ்டேட்மென்டை அங்கே வாங்கிக்கொண்டிருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

'ரகசியம்' என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. 2021-ல் பிரான்சின் சூழல் போராளி ஒருவரது ஐபி முகவரியை, சுவிஸ் சட்ட ஆணைக்குக் கட்டுப்பட்டு புரோட்டான் கொடுத்தது. கடிதத்தின் உள்ளடக்கம் வெளியே போகவில்லை, ஆள் அகப்பட்டார். அதோடு, நீங்கள் எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும், மைத்துனரின் ஜிமெயிலுக்கு அனுப்பும் சாதாரணக் கடிதத்தின் பிரதி ஒன்று கூகுளிடம்தான் போய்ச் சேரும். நம்ம சென்னை ஜோஹோவில் விளம்பரத் தொல்லை இல்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் விளம்பரம் இல்லாதது வேறு, நிறுவனமே திறக்க முடியாத பூட்டு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறாதீர்கள்.

சரி, மாறுவதென்றால்? காசு கட்டும் திட்டமாகப் பாருங்கள், இலவசத்தின் கெடுபிடிகள் பல அங்கே இருக்காது. முடிந்தால் சொந்தமாக ஒரு டொமைன் வாங்குங்கள். கடை மூடினாலும் முகவரி உங்களுடையதாகவே இருக்கும். வங்கி, வருமான வரி, பி.எஃப்., ஆதார், எல்.ஐ.சி. என்று வாரத்துக்கு ஒன்றாகப் புது முகவரிக்கு மாற்றுங்கள். கூகுளின் டேக்அவுட் வழியாகப் பழைய கடிதங்களை மொத்தமாக இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒரு வருஷமாவது பழைய ஜிமெயில் உயிரோடு இருக்கட்டும். மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் கூகுளும் துடைத்துவிடும்.