ஏறிய கியரில் இறங்கலாமா?

ஊட்டியில் கழுவி மூட்டை கட்டிய கேரட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புறப்படும் பிக்கப் வண்டிக்கு டீசல் ஒரு கவலையே இல்லை. வழி முழுக்க இறக்கம்தான். கவலையெல்லாம் பிரேக்கைப் பற்றியது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். நடுவில் ஏறக்குறைய 1,900 மீட்டர். வண்டி, லோடு, டிரைவர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லாம் சேர்த்து 3 டன் என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு உயரம் இறங்கி முடிப்பதற்குள் 5 கோடியே 60 லட்சம் ஜூல் ஆற்றலை அந்த வண்டி எங்கேயாவது கொட்டித் தீர்த்தாக வேண்டும். 170 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் அது. டயரின் உருளலும் எதிர்க்காற்றும் இதில் மூன்றில் ஒரு பங்கையோ கொஞ்சம் கூடுதலாகவோ வாங்கிக்கொள்ளும். மிச்சத்தைப் பிரேக் வாங்குவதா, இன்ஜின் வாங்குவதா என்பதை டிரைவர் முடிவு செய்கிறார். கியர் கம்பியைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்.

பிரேக்கிடமே விட்டால் என்ன ஆகும்? நம் ஊர் பிக்கப்களில் பெரும்பாலும் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். இறக்கம் முழுக்கப் பெடலில் காலை வைத்தபடியே வந்தால் முதலில் ஒரு கருகல் வாடை வரும். லைனிங்கில் சேர்த்திருக்கும் பிசின் சூடாகிப் புகைகிற வாடை. அந்த வாயு லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய படலமாகப் புகுந்துகொள்ள, உராய்வு குறையும். பின்பக்க டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். அதனால் பெடலை வழக்கத்தைவிட ஆழமாக அமுக்க வேண்டியிருக்கும். ஆனால் பலன் குறைவாக இருக்கும். இதற்கு அடுத்த கட்டம் இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அந்த எல்லை 140 டிகிரிதான். அதற்கு மேல் சூடு போனால் ஆயிலே கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழி கட்டும். திரவத்தை அமுக்கினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். குமிழியை அமுக்கினால் குமிழிதான் சுருங்கும். பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று தரைவரை போய்விடும். 'பிரேக் ஃபெயிலியர்' என்று செய்தியில் வரும் மலைப்பாதை விபத்துகள் சிலவற்றில் வண்டியில் ஒரு பாகமும் உடைந்திருக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் அதே பிரேக் மறுபடி பிடிக்கும்.

இன்ஜின் எப்படி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்பது பலருக்கும் தெளிவில்லாத விஷயம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரில் வைத்தபடியே இறங்கினால், இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாகச் சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. பிஸ்டன்களை மேலும் கீழும் இழுக்க வேண்டும், வால்வுகளைத் திறந்து மூட வேண்டும், ஆயில் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் ஓட்ட வேண்டும், காற்றை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். இத்தனை வேலைக்குமான கூலியை இறங்குகிற வண்டியின் வேகத்திலிருந்து இன்ஜின் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சூடு ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேறுகிறது. ரேடியேட்டரின் பிழைப்பே சூட்டை வெளியேற்றுவதுதான். பிரேக் டிரம்முக்கு அந்த வசதி கிடையாது.

பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழியைத் திராட்டில் மூடிவிடும். மூடிய வாய் வழியாக உறிஞ்சத் திணறுவதால் அது நன்றாகவே இழுத்துப் பிடிக்கும். டீசலில் அப்படி மூடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அழுத்தப்பட்ட காற்று அடுத்த நொடியே பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, வாங்கியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். எனவே 'டீசல் வண்டி தானாகவே நன்றாகப் பிடிக்கும்' என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். டீசலில் கிடைப்பது முக்கியமாக உள்ளுராய்வின் பிடி. அதைப் பெருக்கித் தருவது கியர்.

சில எண்களைப் பார்க்கலாம். ஐந்து கியர் பிக்கப் ஒன்றில் கியர் விகிதம் முதல் கியருக்கு 4, இரண்டாவதுக்கு 2.3, மூன்றாவதுக்கு 1.4, நான்காவதுக்கு 1 என்று தோராயமாக இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,300 சுற்று சுற்றும், இரண்டாவதில் 2,150, முதல் கியரில் 3,700ஐத் தொடும். சுற்று ஏற ஏற உள்ளுராய்வும் ஏறும். அந்த உராய்வைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும்போது கியர் விகிதம் அதை இன்னும் பெருக்கும். ஆக, மூன்றாவது கியரைவிட இரண்டாவது ஒன்றரை மடங்குக்கு மேலும், முதல் கியர் மூன்று மடங்குக்கு மேலும் பிடித்து இழுக்கும். 12 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் 3 டன் வண்டியைக் கீழே தள்ளும் விசை 250 கிலோ எடைக்குச் சமம். டாப் கியரில் இன்ஜின் இதில் எதையோ பேருக்குத் தடுக்கும். இரண்டாவது கியரில் டயர் உருளலும் சேர்ந்து பாதிச் சுமையாவது குறையும். மீதிக்குத்தான் பிரேக்.

இப்போது பழைய டிரைவர்களின் விதிக்கு வருவோம்: "ஏறுன கியர்லயே எறங்கு தம்பி." மலையில் வண்டி ஓட்டிப் பழகிய எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்துக்கு மிகச் சரியான விதி. டர்போ இல்லாத பழைய டீசல் வண்டி லோடோடு ஏறும்போது முக்கி முனகி இரண்டாவதிலோ முதல் கியரிலோதான் ஏறும். அதே கியரில் இறங்கினால் பத்திரம். ஆனால் இன்றைய டர்போ, காமன் ரெயில் இன்ஜின்கள் அதே ஏற்றத்தை மூன்றாவது கியரில் அலுங்காமல் ஏறிவிடுகின்றன. டர்போ சக்தியைக் கூட்டுவது எரிபொருள் எரியும்போது மட்டும். இறக்கத்தில் எரிபொருள் இல்லை, டர்போவும் சும்மா கிடக்கும். அப்போது பிடிப்பைத் தீர்மானிப்பது குதிரைசக்தி அல்ல. இன்ஜினின் கொள்ளளவும் சுற்று வேகமும்தான். கொள்ளளவு கூடாமல், சிலவற்றில் குறைந்தும்கூட, சக்தி மட்டும் ஏறியிருக்கிறது. உள்ளுராய்வையும் பொறியாளர்கள் மைலேஜுக்காகக் குறைத்துவிட்டார்கள். ஏறுவதில் கெட்டிக்காரனாகிவிட்ட வண்டி இறங்குவதில் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. ஆகவே புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த விதியைத் திருத்திச் சொல்ல வேண்டும்: ஏறிய கியருக்கு ஒன்று கீழே. இரண்டு தலைமுறை டிரைவர்கள் சொன்னதை மறுக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது; ஆனால் மாறியது வண்டிதான்.

கியரை எப்போது மாற்றுவது என்பதில் சமரசமே கிடையாது. இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு கிளட்ச்சை மிதித்தால், மிதித்த கணமே இன்ஜினின் பிடி விட்டுப்போகும். வண்டி இன்னும் வேகமெடுக்கும். கீழ் கியர் விழ மறுக்கும். மேல் கியருக்கும் போக முடியாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டு உருள்வதுதான் மலையில் நேரக்கூடிய மிகக் கெட்ட நிலை. 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கப் போலீஸ் கட்டுப்பாடு வைத்ததற்கு, சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் மூன்றாவது, நான்காவது கியரில் இறங்கி வந்து வளைவில் திணறுவதும் முக்கியக் காரணம்.

குறைந்த கியரில் வந்தாலும் வேகம் மெல்ல ஏறும். அப்போது பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே வராமல், அழுத்தமாக மூன்று நொடி மிதித்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறைத்துவிட்டுக் காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். அடுத்த மிதிக்குள் டிரம்மும் டிஸ்க்கும் மூச்சு வாங்கும். இன்ஜின் அலறுகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அந்தச் சத்தம் அதற்குப் பழக்கமானது. கோட்டைத் தாண்டவிடக் கூடாது. சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எரிபொருளைத்தான் நிறுத்தும், கீழே இழுக்கும் மலையை நிறுத்தாது. சுற்று எல்லை மீறினால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜினே போய்விடும்.

நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கே தலைகீழ். கியரில் வைத்துக் காலை எடுத்தால் இன்றைய இன்ஜின் எரிபொருளை முழுவதுமாக நிறுத்திவிடும். சக்கரம் சுற்றித் தருவதால் அதற்கு டீசல் தேவையே இல்லை. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்க ஐடிலில் குடித்துக்கொண்டே இருக்கும். சாவியையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களின் துணிச்சலுக்கு என்னிடம் பெயர் இல்லை. இரண்டு மூன்று மிதியில் பிரேக் பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

பெரிய லாரிகளுக்கு இந்தப் பிடி போதாது. சைலன்சர் குழாயில் ஒரு தட்டை வைத்து அடைத்துப் புகையைத் திணறவிடும் எக்ஸாஸ்ட் பிரேக் ஒரு வழி. இன்னொன்று அமெரிக்காவில் பிறந்தது. டீசல் இன்ஜின் முன்னோடி கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931இல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ்வரை ஒரு டீசல் லாரியை ஓட்டிச் சென்றார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் கைவிட்டது. கீழே சரக்கு ரயில் ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்து முடிந்த கணத்தில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. பல ஆண்டுகள் கழித்து அவர் வடிவமைத்த கருவி, காற்று முழுதாக அழுந்திய நொடியில் வெளியேற்று வால்வைத் திறந்துவிடும். பிஸ்டனைத் திருப்பித் தள்ள வேண்டிய காற்று வெளியே ஓடிவிட, டீசல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆற்றல் திரும்பாது. ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961 முதல் அதைத் தயாரித்தது. 'ஜேக் பிரேக்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பிக்கப்பிலேயே நான்கு சக்கர இழுவை உள்ள மாடல்களுக்கு இன்னொரு ஆயுதம் உண்டு: லோ ரேஞ்ச். பழைய ஜீப்களில் அது எல்லாக் கியரையும் இன்னும் இரண்டரை மடங்கு குறைக்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி இறங்கும் ஜீப்களின் கற்பாதையில் வேறு எதுவும் உதவாது. லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டால் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, நடக்கிற வேகத்தில் இறங்கலாம். சாதாரண பிக்கப்பில் இன்ஜினின் பிடி பின் சக்கரங்களுக்கு மட்டும் போகும். லோடு இறக்கிவிட்டுக் காலியாக வரும்போது பின்பக்கம் லேசாகிவிடும். மழையில் நனைந்த தைலமர இலை கிடக்கும் வளைவில் திடீரென்று முதல் கியருக்கு இறக்கினால் பின்சக்கரம் வழுக்கிச் சுழற்றிவிடும். நான்கு சக்கரத்துக்கும் பிடியைப் பங்கிடும்போது அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் 'டி'யில் போட்டுவிட்டு இறங்காமல், கையால் மாற்றும் நிலைக்கு வந்து இரண்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். சில புது வண்டிகளில் இருக்கும் இறக்கக் கட்டுப்பாட்டு பொத்தான் பிரேக்கை அடித்துத்தான் வேகத்தைக் குறைக்கிறது. சேறும் கல்லுமான குட்டைச் சரிவுக்கு அது அருமை, நீளமான காட் ரோட்டுக்கு அல்ல. மலை இறங்கி முடித்ததும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். தகிக்கும் வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும்.

மின்சார வண்டிகள் வந்தபிறகு இந்தக் கணக்கு இன்னொரு பக்கம் திரும்புகிறது. அவற்றில் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு பேட்டரிக்குத் திரும்பும். ஒரே ஒரு சிக்கல். மலையுச்சியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு கிளம்பினால், வரும் மின்சாரத்தை வாங்கப் பேட்டரியில் இடமிருக்காது. பிடி குறைந்துபோய் வேலை மறுபடி பிரேக்கின் தலையில் விழும். ஊட்டியில் இருப்பவர் மின்சார வண்டி வாங்கினால் பேட்டரியில் பத்துப் பதினைந்து சதவீதத்தைக் காலியாக விட்டுவிட்டு இறங்குவதே நல்லது.