கடலாடப் புறப்படும் கடவுளர்

திண்டிவனம், புளியமரத்தால் பெயர் பெற்ற ஊர். 'திந்திரிணி' என்னும் வடசொல் புளியைக் குறிக்கும். திந்திரிணிவனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். இவ்வூருக்குக் கடல் இல்லை. தெற்கே உள்ள விழுப்புரத்துக்கும் இல்லை. ஆயினும் இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரிக் கடற்கரை இருக்கிறது. காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஆண்டில் ஒரு நாள், இவ்வழியே அடியார்களுக்கு முன்பாகத் தெய்வங்களே கடலாடப் புறப்படுகின்றனர். அந்நாள் மாசி மகம்.

மாசித் திங்களில் மக நட்சத்திரம் பௌர்ணமியோடு கூடிவரும் வேளையே மாசி மகம். அன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மூர்த்திகள் வரிசையாக எழுந்தருள்வர். மயிலம் மலையிலிருந்து சுப்பிரமணிய சுவாமி வருகிறார். பொம்மபுர ஆதீனத்தின் பொறுப்பிலுள்ள திருக்கோயில் அது. தீவனூரிலிருந்து பொய்யாமொழி விநாயகரும், திண்டிவனம் நல்லியக்கோடன் நகரிலிருந்து அலர்மேல்மங்கை உடனுறை சீனிவாசப் பெருமாளும் வருகின்றனர். புதுச்சேரியிலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள பல ஆலயங்களின் உற்சவர்களும் அங்கே சேர்கின்றனர். சைவ, வைணவ வேறுபாடின்றி ஒரே மணற்பரப்பில் இத்தனை மூர்த்திகளைத் தரிசிப்பது எளிதில் கிட்டாத பேறு.

நல்லியக்கோடன் என்ற பெயரே ஒரு பழைய பயணத்தை நினைவூட்டுவது. ஓய்மாநாட்டை ஆண்ட அம்மன்னனைப் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் பாடினார். வறுமையால் வாடிய பாணனை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்கு ஆற்றுப்படுத்துகிறது அந்நூல். எயிற்பட்டினம் கடற்கரை ஊர். இன்றைய மரக்காணமே அது என்பது அறிஞர் பலர் கருத்து. கிடங்கில் இன்று கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனத்தின் பகுதியாக உள்ளது. அன்று பாணன் கடற்கரையிலிருந்து வள்ளலை நாடி உள்நாட்டுக்கு வந்தான். இன்று அவ்வள்ளலின் பெயர் தாங்கிய நகரிலிருந்து பெருமாள் கடலை நாடிச் செல்கிறார்.

கடலில் நினைத்த நாளில் நீராடலாகாது என்பது முன்னோர் வகுத்த நெறி. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் முதலிய புண்ணிய காலங்களே அதற்கு உரியவை. மாசி மகத்துக்கோ தனிச்சிறப்பு உண்டு. பிரம்மஹத்தி தோஷத்தால் கட்டுண்டு கடலுக்குள் கிடந்த வருண பகவான் சிவபெருமானை வேண்டினார். இறைவன் அவரை விடுவித்தது இந்நாளில்தான் என்று புராணம் கூறும். வருணனின் வேண்டுதலுக்கு இரங்கி, இந்நாளில் நீராடுவோரின் பாவங்களையும் போக்க இறைவன் அருளினார் என்பர்.

தீர்த்தவாரி வேளையில் சிவாலயங்களின் அஸ்திரதேவரும், பெருமாளின் சக்கரத்தாழ்வாரும், முருகனின் வேலும் கடல்நீரில் தோய்கின்றன. அதே அலையில் அடியார்களும் தலை நனைக்கின்றனர். கரையோரத்தில் குடும்பத்தினர் பலர் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்வதையும் காணலாம். இது பொருத்தமானதே, மக நட்சத்திரத்துக்கு அதிதேவதை பித்ருக்களே.

பித்ரு கடன் எத்துணைப் பெரியது என்பதைத் திருவண்ணாமலை காட்டுகிறது. ஹொய்சள மன்னர் வல்லாளருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அண்ணாமலையாரே அவருக்கு மகனானார் என்பது தலவரலாறு. அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று, அருகிலுள்ள பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, ஆற்றங்கரையில் அம்மன்னருக்குத் திதி கொடுக்கிறார் இறைவன். பிள்ளையில்லா முதியவர்க்கும், பிள்ளைகள் தொலைதேசம் சென்றதால் தனித்திருக்கும் பெற்றோர்க்கும் இதைவிட ஆறுதலான திருவிழா வேறு எது? அலைக்கரையில் நின்று அவர்கள் இறைக்கும் ஒரு கை எள்ளும் நீரும் வீண்போவதில்லை.

விழுப்புரத்து அன்பர்கள் இரயிலிலேயே புதுச்சேரி சென்றடையலாம்; 1879-ஆம் ஆண்டு அமைந்த இருப்புப்பாதை அது. திண்டிவனத்திலிருந்து பேருந்து வசதி உண்டு. வெயில் ஏறுமுன் கடற்கரையை அடைவது நலம். மணலில் நடப்பது மூட்டுவலி உள்ளோர்க்குக் கடினம். கைத்தடியோடு துணைக்கு ஒருவரும் உடன் வருதல் வேண்டும். அலைக்குள் இறங்க இயலாதோர், பிறர் முகந்து தரும் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். உடல் தளர்ந்தோர்க்குப் புரோட்சணமும் ஸ்நானமே. காலையில் உட்கொள்ளவேண்டிய மருந்தைத் தவிர்த்துவிட்டு நீராடச் செல்வது கூடாது. திரும்பும் வழியில் மணக்குள விநாயகரையும் வணங்கி வரலாம்.

கடலாடிய மூர்த்திகள் மீண்டும் தத்தம் ஊர் திரும்புவர். வழிநெடுக மக்கள் வாசலில் நீர் தெளித்துக் கோலமிட்டு, தீபத் தட்டோடு காத்திருக்கின்றனர். புதுச்சேரிவரை செல்ல இயலாத பாட்டியும் தாத்தாவும் அவ்வாசலிலேயே நாற்காலியிட்டு அமர்ந்து, தங்களைத் தேடி வரும் தெய்வத்தைக் கண்குளிரத் தரிசிக்கலாம்.