மலையைப் பார்த்துக் கேட்ட கேள்வி

ஜமுனாமரத்தூர் டீக்கடை பெஞ்சில் பக்கத்திலிருந்த தம்பி போனில் ஒரு படம் காட்டினான். ஜவ்வாது மலை, மேலே பனி, அதன்மீது 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். “மலையிலிருந்துதானே அண்ணே உதவி வருது?”

1871இல் வந்த பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை வாசித்தால் அப்படித்தான் தோன்றும். ஒத்தாசை பர்வதங்களிலிருந்தே வருவதுபோல அந்த வாக்கியம் ஓடுகிறது. எபிரெய மூலத்தில் இருப்பதோ கேள்வி: உதவி எங்கிருந்து வரும்? திண்டிவனத்தில் உருவாகி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதைக் கேள்வியாகவே வைத்திருக்கிறது. அதுதான் சரி என்பது என் எண்ணம். பதில் அடுத்த வசனத்தில் இருக்கிறது: மலையிடமிருந்து இல்லை, மலையைப் படைத்தவரிடமிருந்து.

கேட்டவர் யார் என்று பாருங்கள். 120 முதல் 134 வரையுள்ள 15 பாட்டுகளுக்கும் ‘ஆரோகண சங்கீதம்’ என்று தலைப்பு. திருவிழாவுக்காக எருசலேம் ஏறிப்போனவர்கள் பாடியவை என்று பலரும் கருதுகிறார்கள். எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். எருசலேம் மேலே சுமார் 750. ஒரு நாள் நடையில் 1,000 மீட்டர் ஏற்றம். நல்ல சமாரியன் கதையில் ஒருவன் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்ததும் இதே வழிதான். போளூரிலிருந்து இந்த மலைக்குப் பஸ் இல்லாத காலத்தில் தலைச்சுமையோடு ஏறியவர்களுக்கு அந்தப் பயம் தெரிந்திருக்கும். அண்ணாந்து பார்க்கும்போது மலை அழகாக மட்டும் தெரியாது.

பாட்டு மொத்தம் எட்டே வசனம். அதில் ‘ஷாமர்’ என்ற வேர்ச்சொல் ஆறு முறை வருகிறது. காவல் காப்பது என்று பொருள். கண் அசராத காவல்காரர் என்று நான் சொன்னதும் தம்பி நிமிர்ந்தான்.

“சாமை கதிர் பிடிச்சா பன்னி எறங்கும்ணே. எங்க கொல்லையில அப்பாவும் நானும் பரண்ல மாத்தி மாத்தித்தான் முழிச்சிருப்போம். ஒரே ஆளால முடியாது.”

இதைவிட நான் விளக்க என்ன இருக்கிறது? மாற்று ஆள் தேவைப்படாத காவல் என்று அந்த வழிப்போக்கர் பாடியது அவனுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டாவது டீ வந்தது. பகலில் வெயிலும் இரவில் நிலாவும் தாக்காது என்ற வரிக்கு அவன் வந்திருந்தான். “பகல் வெயிலுக்குக் காவல் சரிண்ணே, ராத்திரி நிலாவுக்கு எதுக்கு?”

நிலவொளி பட்டால் நோய் வரும் என்று அந்நாளில் நம்பினார்கள். மத்தேயு 17இல் தீயிலும் தண்ணீரிலும் விழுந்த பையனைப் பழைய தமிழ் வேதாகமம் ‘சந்திரரோகி’ என்கிறது. வலிப்பு என்று நாம் சொல்லும் நோயாக இருக்கலாம். நடுராத்திரியில் திறந்த வெளியில் படுத்திருந்தவருக்கு அதுவும் ஒரு பயம்; அதையும் மறைக்காமல் பாட்டில் சேர்த்திருக்கிறார்.