செயற்கைக் கால் செய்யும் தொழிலைத் தொலைதூரக் கல்வியில் படிக்க முடியுமா? எல் சால்வடார் காட்டிய வழி என்ன?

நீச்சலைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது என்பார்கள். அப்படியிருக்க, ஒருவரின் காலுக்கு அளவெடுத்து, மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, பிளாஸ்டிக்கைச் சூடாக்கிச் செயற்கைக் கால் செய்யும் வேலையைத் தொலைதூரக் கல்வியில் சொல்லிக்கொடுக்க முடியுமா? கேட்டவுடனே 'அதெப்படிங்க முடியும்?' என்றுதான் தோன்றும். ஆனால் மத்திய அமெரிக்காவின் குட்டி நாடான எல் சால்வடாரில் உள்ள டான் பாஸ்கோ பல்கலைக்கழகம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. ஏன் இப்படி ஒரு படிப்பு தேவைப்பட்டது, அது எப்படி நடக்கிறது, எங்கே இடிக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இவர்கள்?

நம்ம ஊர் அரசு மாற்றுத்திறனாளிகள் முகாம் அறிவிப்புகளில் 'முடநீக்கியல் வல்லுநர்' என்று ஒரு பெயரைப் பார்த்திருப்பீர்கள். அவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். இழந்த கை, காலுக்குப் பதிலாகச் செயற்கை உறுப்பு பொருத்துவது அவரது வேலையில் ஒரு பாதி. இன்னொரு பாதி, இருக்கிற உறுப்புக்குத் துணை கொடுப்பது. போலியோவால் பலமிழந்த காலுக்குக் காலிப்பர், வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைக்குச் சிறப்புக் காலணி, பக்கவாதம் வந்தவரின் பாதம் தொங்கிப்போகாமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை என்று அது நீளும். 'செயற்கைக் கால்' என்ற ஒரே சொல்லால் இந்தத் துறையைக் குறிப்பிட்டாலும், நடைமுறையில் இரண்டாவது வகை வேலைக்குத்தான் ஆட்கள் அதிகம் தேவை.

எவ்வளவு பேர் தேவை? மக்கள்தொகையில் சுமார் 0.5 சதவீதம் பேருக்கு இந்தச் சேவை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2017-ல் அது வெளியிட்ட தர வழிகாட்டுதலின்படி, உலகம் முழுக்க 3.5 கோடி முதல் 4 கோடி பேர். துணைக்கருவி தேவைப்படும் 10 பேரில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. 10 லட்சம் மக்களுக்குக் குறைந்தது 5 முதல் 10 வல்லுநர்களாவது வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சுமார் 60 லட்சம் பேர் வாழும் எல் சால்வடார் போன்ற நாட்டுக்கு அந்தக் கணக்குப்படி 30 முதல் 60 பேர். எண்ணிக்கை சின்னதாகத் தெரிகிறது, இல்லையா? பிரச்னையே அங்கேதான். இவ்வளவு சின்ன எண்ணிக்கைக்காக ஒவ்வொரு ஏழை நாடும் தனித்தனியாகக் கல்லூரி கட்டி, பட்டறை அமைத்து, ஆசிரியர்களை வைத்துக் காப்பாற்றுவது கட்டுப்படியாகாது.

பொருள் இருக்கு, ஆள் இல்லை

பொதுவாக நம் மனதில் இருக்கும் கணக்கு வேறு: செயற்கைக் கால் விலை அதிகம், அதனால்தான் ஏழைகளுக்குக் கிடைப்பதில்லை. விலை ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மலிவான தொழில்நுட்பம் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 1968-ல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே.சேத்தியும் கைவினைக் கலைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர் பாதம் உலகப் புகழ்பெற்றது. சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம், போர் நடந்த நாடுகளில் பாலிப்ரொப்பிலீன் என்ற சாதாரண பிளாஸ்டிக்கை வைத்துக் குறைந்த செலவில் கால் செய்யும் முறையைப் பரப்பியது. அதாவது, பொருளுக்கு வழி பிறந்துவிட்டது. அதை ஒருவரின் உடம்புக்கு ஏற்றபடி பொருத்தத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

பொருத்துவதில் அப்படியென்ன கஷ்டம்? முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் காலின் மேல் பிளாஸ்டர் பட்டியைச் சுற்றி ஓர் அச்சு எடுப்பார்கள். அது காய்ந்ததும் கழற்றி, அதற்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் காலின் நகல் ஒன்று கிடைக்கும். அந்த நகலை அப்படியே வைத்துக் கால் செய்துவிட முடியாது. அதைச் செதுக்க வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார் எடையைத் தாங்கும். அங்கே பிளாஸ்டரைச் சுரண்டி எடுக்க வேண்டும். காலின் வெளிப்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே துருத்தி நிற்கும் எலும்பு முனை எடையைத் தாங்காது; அங்கே பிளாஸ்டரைக் கூட்டி வைத்து, பிறகு வரப்போகும் கிண்ணத்தில் அந்த இடத்துக்கு இடைவெளி விட வேண்டும். சில மில்லிமீட்டர் தவறினால் போதும், எலும்பு பிளாஸ்டிக்கில் உரசிப் புண்ணாகிவிடும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் அந்தப் புண் ஆறாமல், காலை இன்னும் மேலே வெட்ட வேண்டிய நிலைகூட வரலாம்.

செதுக்கிய அச்சின் மேல், ஓவனில் சூடாக்கி இளக வைத்த பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் அது அச்சோடு ஒட்டிக்கொள்ளும். இதுதான் 'சாக்கெட்'. பிறகு குழாய், பாதம் எல்லாம் இணைத்து, ஆளை நிற்க வைத்து, நடக்க வைத்து, கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். பாதம் கொஞ்சம் முன்னால் போய்விட்டால் முழங்கால் பின்பக்கமாகத் தள்ளப்படும். கொஞ்சம் பின்னால் போனால் முழங்கால் சட்டென்று மடங்கும், ஆள் தடுமாறுவார். நடையைப் பார்த்தே 'தப்பு எங்கே இருக்கு?' என்று கண்டுபிடிக்கிற கண் வேண்டும்.

இதில் பாதி கைவேலை, பாதி படிப்பு. உடற்கூறியல், விசையியல், நோய்கள், பொருட்களின் தன்மை எல்லாம் தெரிந்தால்தான் கை சரியான இடத்தில் சுரண்டும். வளரும் நாடுகளின் பட்டறைகளில் இருந்த பலரும் மூத்தவர்களின் கையைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். கை பழகியிருக்கும். வழக்கமான கேஸ் வந்தால் பிரமாதமாகச் செய்வார்கள். வழக்கத்துக்கு மாறாக ஒருவர் வந்தால், எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்லத் தெரியாது. கடைசியில் அந்தச் செயற்கைக் கால் வீட்டு மூலையில் கிடக்கும், அவர் பழையபடி ஊன்றுகோலோடு நடப்பார்.

'மூணு வருஷம் லீவு கொடுங்க'

அப்படியானால் இவர்களை நல்ல கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமே? இதற்கான பள்ளிகள் இல்லாமல் இல்லை. தான்சானியாவின் மோஷி நகரில் 1981 முதலும், கம்போடியாவின் நாம்பென்னில் 1994 முதலும் இயங்குகின்றன. இந்தியாவில் பெங்களூருவின் மொபிலிட்டி இந்தியா அமைப்பு வெளிநாட்டு மாணவர்களுக்கும் பயிற்சி தருகிறது. சர்வதேச செயற்கை உறுப்பியல் சங்கமான ஐ.எஸ்.பி.ஓ., இந்தத் துறைக்கான படிப்புகளின் தரத்தை மூன்று நிலைகளாக வகுத்திருக்கிறது. நோயாளியை நேரடியாகக் கையாளும் முதல் நிலைக்கு நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு, இரண்டாம் நிலைக்கு மூன்று வருடப் படிப்பு, பட்டறையில் மட்டும் வேலை செய்யும் மூன்றாம் நிலைக்கு அதைவிடக் குறைவு.

இந்த 'மூன்று வருடம்' என்பதில்தான் சிக்கல். படிக்க வேண்டியவர் பதினெட்டு வயது மாணவர் அல்ல. நாற்பதை நெருங்கும், பிள்ளைகுட்டி உள்ள, பத்துப் பதினைந்து வருடமாக ஒரே பட்டறையில் உழைக்கிற மனிதர். அவர் வெளிநாட்டுக்குப் போனால் வீட்டுக்கு வருமானம் நிற்கும். அது ஒருபுறம். அந்த மாகாணத்துக்கே அவர் ஒருவர்தான் என்றால் பட்டறைக்கே பூட்டு விழும். வளர்கிற குழந்தைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் காலை மாற்றியாக வேண்டும். பெரியவர்களுக்கும் சில வருடங்களில் தேய்ந்துவிடும். மூன்று வருடம் யார் காத்திருப்பது? போதாக்குறைக்கு, வெளிநாட்டில் படித்தவர் அங்கேயே நல்ல வேலை கிடைத்துத் தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

எல் சால்வடார் என்ன செய்தது?

1980 முதல் 1992 வரை எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் நடந்தது. சுமார் 75,000 பேர் உயிரிழந்தார்கள். கண்ணிவெடியிலும் குண்டுவீச்சிலும் கை, கால் இழந்தவர்கள் ஏராளம். பக்கத்து நாடுகளான குவாத்தமாலா, நிகரகுவாவிலும் இதே கதைதான். போர் முடிந்த பிறகு, ஜெர்மனி அரசின் தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிறுவனமான ஜி.டி.இசட். உதவியோடு டான் பாஸ்கோ பல்கலைக்கழகத்தில் செயற்கை உறுப்புத் துறை வளர்ந்தது. முதலில் வழக்கமான நேரடி வகுப்புகள். ஆனால் அந்த வகுப்புக்கு வரவே முடியாத, ஏற்கெனவே வேலையில் இருக்கும் டெக்னீஷியன்களை என்ன செய்வது என்ற கேள்வி நின்றது. அதற்கான பதில்தான் தொலைதூரப் படிப்பு.

இதன் அடிப்படை எளிமையானது. கையால் கற்க வேண்டியதைக் கையால் கற்கட்டும், தலையால் கற்க வேண்டியதை இருக்கும் இடத்திலேயே படிக்கட்டும். உடற்கூறு, விசையியல், நோயியல் போன்ற பாடங்கள் மாணவரின் ஊருக்குப் போகும். பகலில் பட்டறையில் வேலை, மாலையில் படிப்பு. சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆசிரியர். இடையிடையே குறிப்பிட்ட நாட்கள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடி, உண்மையான நோயாளிகளோடு செய்முறைப் பயிற்சி. முடிவில் தேர்வு.

இதில் ஒரு மறைமுக லாபமும் இருக்கிறது. சாதாரணக் கல்லூரி மாணவர் இன்று படிக்கும் விஷயத்தை இரண்டு வருடம் கழித்துத்தான் நிஜ வாழ்க்கையில் பயன்படுத்துவார். இவர்களோ திங்கட்கிழமை படித்ததைச் செவ்வாய்க்கிழமை வரும் நோயாளியிடமே சரிபார்த்துவிடலாம். 'இத்தனை வருஷமா இதைத் தப்பா செஞ்சிட்டு இருந்திருக்கோமே' என்று ஒருவருக்கு அங்கேயே உறைக்கும். வகுப்பறையில் எந்தப் பேராசிரியராலும் அதை ஏற்படுத்த முடியாது.

பிறகு வேறு சிலரும் இந்தப் பாதையில் வந்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹியூமன் ஸ்டடி அமைப்பு, இணையவழிப் பாடமும் நேரடிப் பயிற்சியும் கலந்த முறையைப் பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றது. பாங்காக்கில் மஹிடோல் பல்கலைக்கழகத்தின் சிரிந்தோன் பள்ளி, டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களைப் பட்டதாரிகளாக உயர்த்தக் கலப்பு முறையைக் கையில் எடுத்தது. இலங்கைக்கும் இது சம்பந்தமில்லாத விஷயம் அல்ல. போர்க்காலத்தில், 1987-ல், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் மையம் தொடங்கப்பட்டது. ஆனால் முறையான மூன்று வருட டிப்ளமோ படிப்புக்கான பள்ளி, கொழும்புக்கு அருகே ராகமவில் 2004-ல்தான் வந்தது. இடைப்பட்ட வருடங்களில் வடக்கில் கால் இழந்தவர்களுக்குக் கால் செய்தவர்களில் பலர் வேலையிலேயே தொழில் பழகியவர்கள். எல் சால்வடாரின் படிப்பு யாரை மனதில் வைத்து உருவானதோ, அதே மாதிரி மனிதர்கள்.

எங்கே இடிக்கிறது?

இந்த முறையை வானளாவப் புகழ்ந்துவிடவும் முடியாது. பிளாஸ்டர் அச்சை எவ்வளவு சுரண்டலாம் என்பதை வீடியோ காட்டும். விரல் நுனிக்கு அந்த உணர்வைக் கொடுக்காது. நோயாளியின் நடையை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் ஆசிரியர் கோணத் தவறைச் சொல்லிவிடலாம். ஆனால் சாக்கெட்டுக்குள் தசை எவ்வளவு அழுந்துகிறது என்பது கேமராவில் தெரியாது. ஆகவே நேரடிப் பயிற்சி நாட்களைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது கிளம்பினால், படிப்பின் உயிரே போய்விடும். முழுக்க முழுக்க ஆன்லைனில் செயற்கைக் கால் படிப்பு என்று விளம்பரம் வந்தால் சந்தேகப்படுவது நல்லது.

மொழி இன்னொரு சுவர். டான் பாஸ்கோவுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம், சுற்றியுள்ள நாடுகளில் பெரும்பாலும் ஸ்பானிய மொழி. ஒரே பாடப் புத்தகம் பல நாடுகளுக்குப் போதும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அப்படி இல்லை. இந்தத் துறையின் நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தொழிலில் கில்லாடியாக இருப்பவர் ஆங்கிலத் தேர்வில் தோற்றுப்போகக்கூடும். இன்டர்நெட்டும் மின்சாரமும் அடிக்கடி போகும் ஊர்களில் நேரலை வகுப்பை நம்ப முடியாது. அங்கே தரவிறக்கி வைத்துக்கொள்ளும் பாடங்களும் அச்சிட்ட புத்தகமும்தான் கைகொடுக்கும்.

கடைசியாக, சம்பளம். மூன்று வருடம் இரவெல்லாம் கண்விழித்துப் படித்து, சர்வதேசத் தரத்திலான சான்றிதழோடு அதே பட்டறைக்கு வருகிறார் ஒருவர். பல நாடுகளின் அரசுப் பணிப் பட்டியலில் இப்படி ஒரு பதவியே கிடையாது. பழைய 'உதவியாளர்' சம்பளத்தில்தான் அவர் தொடர வேண்டும். இந்தியாவில் 1992-ல் வந்த மறுவாழ்வு கவுன்சில் சட்டம், பதிவு செய்த வல்லுநர் என்ற அங்கீகாரத்தையாவது கொடுத்தது. அந்த மாதிரிச் சட்டம் இல்லாத நாடுகளில், சான்றிதழைப் பார்த்து முதலில் கூப்பிடுவது உள்ளூர் சுகாதார அமைச்சகமாக இருப்பதில்லை. வெளிநாட்டு மருத்துவமனையாக இருந்துவிடுகிறது. ஆள் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே உருவான படிப்பு, பணிப் பட்டியலில் ஒரு வரி இல்லாத காரணத்தால் அவரை விமானம் ஏற்றிவிடும் நிலை இன்னும் பல நாடுகளில் தொடர்கிறது.