உங்களுக்குத் தெரியுமா? தொலைந்த மண்டையோடுகளும் எஞ்சிய வார்ப்புகளும்

ஜெர்மனியில் யூதர் என்பதால் பதவியிழந்த உடற்கூற்றியலாளர் பிரான்ஸ் வைடன்ரைக் (1873–1948), 1935-இல் பெய்ஜிங் சென்று, சோக்கௌடியன் குகையில் கிடைத்த ‘பீக்கிங் மனிதன்’ புதைபடிவங்களை ஆராயும் பொறுப்பை ஏற்றார். கண்குழிகளுக்கு மேல் கூரைவிளிம்புபோல் நீளும் எலும்பு மேடு, பின்சாய்ந்த நெற்றி, இன்றைய மனிதருடையதைவிடத் தடித்த ஓடு ஆகியவற்றை நுணுக்கமாக அளந்து விவரித்த அவர், எலும்பின் மேடுபள்ளங்களை அப்படியே காட்டும் அச்சுப்படிகளான வார்ப்புகளையும் எடுக்கச் செய்தார். 1941-இல் அவற்றுடன் அவர் நியூயார்க் சென்ற சில மாதங்களில், அமெரிக்காவுக்கு அனுப்பப் பெட்டிகளில் அடுக்கப்பட்ட மூலப் படிவங்கள் போர்க் குழப்பத்தில் காணாமற்போயின, இன்றுவரை அகப்படவில்லை. பீக்கிங் மனிதனையும் இன்றைய சீனரையும் நேரடியாக இணைத்த அவருடைய கொள்கையைப் பலர் ஏற்பதில்லை என்றாலும், 1943-இல் வெளிவந்த அவருடைய மண்டையோட்டு நூலையும் அவ்வார்ப்புகளையும் விட்டால் ஆய்வாளர்களுக்கு வேறு போக்கிடம் அரிது.