கட்டுக்குள் வராத குழந்தை ஆஸ்துமாவில் எதிர்ப்பாற்றல் செல்களின் பங்கு

முன்னுரை

பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. அவ்வாறு வளர்ந்த ஆலைப் பகுதிகளுள் சிங்காநல்லூரும் ஒன்று. தொழிலாளர் குடும்பங்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இங்கு உள்ளது. இத்தகைய ஊரில் குழந்தையின் இளைப்புக்குத் தூசியையே காரணமாகக் கூறுவது வழக்கம். தூசி நோயைத் தூண்டுவது உண்மை. எனினும் நோய் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதை முடிவுசெய்வதில் மூச்சுக்குழாயில் திரளும் எதிர்ப்பாற்றல் செல்களின் வகைக்குப் பெரும்பங்கு உண்டு. அதனை இக்கட்டுரை விளக்குகிறது.

கட்டுப்பாடின்மை

கடந்த நான்கு வாரங்களில் பகலில் வாரம் இருமுறைக்கு மேல் இளைப்பு, இரவில் விழிப்பு, உடனடி நிவாரண மருந்து வாரம் இருமுறைக்கு மேல் தேவைப்படுதல், விளையாட இயலாமை ஆகிய நான்கனுள் மூன்றேனும் இருப்பின், ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை எனக் கொள்ளப்படுகிறது.

செல்களின் இரு வழிகள்

முதல் வழியில், ஒவ்வாப்பொருளைக் கிளைச்செல்கள் டி செல்களுக்கு அறிமுகப்படுத்துகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் இரண்டாம் வகை உதவி டி செல்கள் இன்டர்லூகின் 4, 5, 13 ஆகியவற்றைச் சுரக்கின்றன. இவற்றுள் 4 ஐஜிஇ உற்பத்தியையும், 5 ஈசினோபில்களின் பெருக்கத்தையும், 13 சளிச் சுரப்பையும் தூண்டுகின்றன. ஐஜிஇ பொருந்திய மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிட, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. ஸ்டீராய்டு ஈசினோபில்களின் அழிவை விரைவுபடுத்துவதால், இவ்வழி பெரும்பாலும் இழுப்பு மருந்துக்குக் கட்டுப்படுகிறது.

இரண்டாம் வழியில், பதினேழாம் வகை உதவி டி செல்கள் நியூட்ரோபில்களை அழைக்கின்றன. பஞ்சுத்தூசியில் கலந்துள்ள பாக்டீரிய நச்சுப்பொருளும் நியூட்ரோபில்களைத் திரட்ட வல்லது. ஸ்டீராய்டு நியூட்ரோபில்களின் ஆயுளை நீட்டிக்கிறது. எனவே அளவைக் கூட்டுவதால் மட்டும் இவ்வழி அடங்குவதில்லை.

நம் மண்ணின் சிக்கல்

இரத்தத்தில் ஈசினோபில் மிகுந்தால் அது ஒவ்வாமை ஆஸ்துமாவே என முடிவுசெய்வது இங்குப் பொருந்தாது. குடற்புழுக்களும் அவ்வெண்ணிக்கையை உயர்த்தும். 1940இல் மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையிலிருந்து ஃபிரிமொட் மோலரும் பார்ட்டனும், 1943இல் வெயின்கார்ட்டனும் விவரித்த வெப்பமண்டல ஈசினோபில் நோய் இருமலும் இளைப்புமாகவே தோன்றும். அதன் காரணம் யானைக்கால் புழு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குரிய மருந்து டைஈத்தைல்கார்பமசீன். மேலும், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு உள்ள உடலில் வாய்வழி ஸ்டீராய்டு செலுத்தினால் புழு உடலெங்கும் பரவி உயிருக்கே கேடாகலாம்.

முடிவுரை

மருந்தளவைக் கூட்டுமுன், குழந்தை இழுப்பு மருந்தை நாள்தோறும் முறையாக உறிஞ்சுகிறதா என்பதையும், அடுத்துப் புழுத்தொற்றையும் ஆராய்தல் வேண்டும். அதன்பின்னரே செல்வகையை அறிந்து, ஐஜிஇயைத் தடுக்கும் ஓமலிசுமாப், இன்டர்லூகின் 5ஐத் தடுக்கும் மெப்போலிசுமாப் போன்ற விலைமிகு மருந்துகளை எண்ணலாம். செல்வகை அறியாது கூட்டப்படும் ஸ்டீராய்டு, நோயைத் தணிக்காமல் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கவும் கூடும்.